ஒரு வோல்ட் லாத்தா

லாத்தா கடைக்குப் போகிறவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு போவது தாராவியில் எங்கள் சந்தில் ஒரு வழக்கமாகவே இருந்தது. மரியாதைக்காக அல்ல. முகம் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்துவிடலாம் என்ற நப்பாசைதான். நான் ஒருமுறை கன்னத்தில் ஐஸ்கட்டியே தேய்த்துக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி, மூஞ்சி ஈரமா இருக்கு. எதை மறைக்கப் பாக்க?" என்றார் லாத்தா.

காது இரண்டும் சிவந்துவிட்டன. மறைக்க அன்று என்னிடம் ஒன்றுமே இல்லை. சார்ஜர் வயர் வாங்கத்தான் போயிருந்தேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மேலப்பாளையம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். சந்தில் யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட, முருக பக்தர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் லாத்தா ஆகிவிட்டார். மாஹிமிலிருந்து வரும் இந்திக்காரர்கள் அதுதான் பெயர் என்று எண்ணி 'லதா மேடம்' என்று விளிப்பார்கள். அவர் திருத்தியதே இல்லை. "ஓசியில ஒரு பேரு வந்தா வேண்டாம்பாகளா?" என்பார்.

கதவகலத்தில் ஒரு கடை. உள்ளே ஒரு மேஜை, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மைக்ரோஸ்கோப், சூடான காற்றை ஊதும் துப்பாக்கி ஒன்று, வோல்ட்டும் ஆம்பியரும் எண்களாக மின்னும் ஒரு பெட்டி. இவற்றுக்கு நடுவில் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிச் செருகிக்கொண்டு லாத்தா. செத்துப்போன லேப்டாப்புகளின் மதர்போர்டுகளைப் பிரித்து உயிர் கொடுப்பது தொழில். இந்த வேலையை எங்கே கற்றார் என்று கேட்டால் ஒருநாள் மவுத்தாகிப்போன வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தார் என்பார். இன்னொரு நாள் வீட்டுக்காரர் ஊரில் நன்றாக இருக்கிறார், அவருக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது என்பார். முதல் கதைக்குக் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாவது கதைக்குத் திருதிருவென விழித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் தொழிலை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். மதர்போர்டில் கரண்ட் போகும் வழியில் எங்காவது ஷார்ட் ஆகிவிட்டால், போட்ட கரண்ட் எல்லாம் அந்த இடத்தில் விழுந்து காணாமல் போய்விடும். லேப்டாப் மூச்சு விடாது. ஆனால் ஷார்ட் எந்த இடத்தில் என்று பார்த்தால் தெரியாது. எள்ளுப்போல நூற்றுக்கணக்கில் உருப்படிகள் ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே முகம். எல்லாமே யோக்கியமாகத்தான் தெரியும்.

லாத்தா போர்டின் மேல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் தடவுவார். மின்னும் பெட்டியிலிருந்து ஒரே ஒரு வோல்ட் கொடுப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். போர்டு முழுக்க ஈரமாக இருக்கும்போது ஓர் இடம் மட்டும் அவசரமாகக் காயும்.

"சார்ஜர் குடுக்குற பத்தொம்பது வோல்ட்டும் குடுத்தா தப்பு செஞ்சவனும் எரிவான், பக்கத்துல நின்னவனும் எரிவான்" என்று எனக்கு விளக்கினார். "ஒத்த வோல்ட்டு குடுத்துப் பாரு. தப்பு செஞ்சவன் மட்டும் சூடாவான். மத்தவனெல்லாம் உறங்கிக்கிட்டு இருப்பான்."

இது போர்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. லாத்தா இதை மனிதர்களுக்கும் செய்தார்.

சுனாபட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். கம்பெனி லேப்டாப். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் ஆங்கிலம். தானாகவே அணைந்துவிட்டது, எதுவும் கொட்டவில்லை, தண்ணீர் பக்கத்திலேயே வைப்பதில்லை என்று சத்தியம் செய்தான். லாத்தா மறுத்துப் பேசவில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டே, சும்மா பொழுது போகக் கேட்பதுபோல, "ஏலக்கா சாயாவா?" என்றார்.

"இல்ல ஆன்ட்டி, இஞ்சி" என்றான் பையன்.

அந்தச் சந்தில் ஒரு வாரத்துக்கு யாரும் யாருக்கும் சாயா வாங்கிக் கொடுக்கவில்லை. 'இஞ்சி' என்று சொன்னாலே சிரித்துத் தொலைத்தார்கள்.

ஒத்தை வோல்ட் என்பது அவ்வளவுதான். குற்றம் சாட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். பக்கத்திலிருந்து லேசாக ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். மிச்சத்தை எதிராளியின் காது பார்த்துக்கொள்ளும்.

என்னிடம் மட்டும் அவருடைய வித்தை பலிக்கவில்லை. தப்பே செய்யாமல் சூடாகிற பிறவி நான். ரயிலில் டிக்கெட் பரிசோதகரைக் கண்டால் பாஸ் சட்டைப்பையில் இருக்கும்போதே வியர்க்கும். பக்கத்து வீட்டில் பால் பாக்கெட் காணாமல் போனால், எடுக்காத நான் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். லாத்தா ஆரம்பத்தில் என்னைப் பெரிய திருடன் என்றே நினைத்திருக்கிறார். பல தடவை சோதித்துவிட்டு ஒருநாள் கைவிட்டார்.

"நீ ஷார்ட்டு இல்ல தம்பி. நீ இஸ்திரிப் பொட்டி. ஒன் வேலையே சூடாவுறதுதான்."

எப்போதும் சிரிப்பாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. பக்கத்துச் சந்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தம்பதி, பில் போடும் லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டு கேட்டார் லாத்தா. கணவர் ஒரு பெண் பெயரைத் தாளில் எழுதி, மடித்துக் கொடுத்தார். லாத்தா அதைப் பிரித்துச் சத்தமாகப் படித்துவிட்டு, "அழகான பேரு. மகளா?" என்று அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டார். அவர்களுக்கு இரண்டும் பையன்கள். கணவரின் முகம் போன போக்கைப் பார்த்து வாசலில் நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் தனியாக வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். லாத்தா வாங்கிக் கொடுத்த சாயாவைக் குடித்தார். காலி டம்ளரை மேஜையில் வைத்தார். எழுந்து போய்விட்டார்.

லாத்தா வெகுநேரம் அந்த வோல்ட் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டு இருந்தார். "எத்தன வோல்ட்டுன்னு மட்டும் பாத்தாப் போதாது தம்பி. கரண்டு இவ்வளவுதான் போகணும்னு லிமிட்டு வைக்கணும். அத மறந்துட்டேன்" என்றார். அதன் பிறகு சில நாட்கள் கடைக்கு வந்தவர்களிடம் லேப்டாப்பைப் பற்றி மட்டுமே பேசினார். எங்களுக்குத்தான் போரடித்தது.

எனக்கும் ஒரு தொழில் உண்டு. நான் கல்யாண வீடியோ எடுப்பவன். எடுப்பதும் நானே, வெட்டி ஒட்டுவதும் நானே, திட்டு வாங்குவதும் நானே.

தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மகளின் கல்யாணத்தை என்னிடம் ஒப்படைத்தார். மண்டபம் செம்பூரில். தாலி கட்டும் நேரம் நெருங்கும்போது மேளக்காரர்களைக் காணவில்லை. கீழே பந்தியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையாவது அனுப்புவதை விட்டுவிட்டு அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் ஓடினார். அவர்களை இழுத்துக்கொண்டு மேலே வருவதற்குள் தாலி ஏறிவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்திவிட்டார்கள். மேளக்காரர்களை விட்டால், மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்காதவர் அவளைப் பெற்றவர் மட்டும்தான். மகள் சில நாட்களில் மாப்பிள்ளையோடு மஸ்கட் போய்விட்டாள்.

"அதனாலென்ன, வீடியோல பாத்துக்கிடுதேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார் அண்ணாச்சி.

என் லேப்டாப் அந்த வீடியோவை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்துப்போனது.

விருந்தாளிகளின் போன்களில் இருக்குமே என்று கேட்பீர்கள். அண்ணாச்சி ஒரு போன் விடாமல் வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது போட்டோதான்; தாலி கட்டும் நேரத்தில் அதில் தெரிந்தது கட்டம் போட்ட சட்டையில் என் முதுகு. அத்தனை கோணத்திலும் என் முதுகு. என் முதுகு இவ்வளவு அகலம் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்திருந்தேன். தனி ஹார்ட் டிஸ்க் வாங்க வைத்திருந்த பணத்தில் டிரோன் வாங்கியிருந்தேன். அந்த டிரோன் சயானில் ஒரு தென்னை மரத்தில் குடியிருந்தது. லேப்டாப்போ மெலிசு ரகம். டிஸ்க்கைக் கழற்றி எடுக்க வழியில்லாமல் போர்டோடு பற்றவைத்திருந்தார்கள். போர்டு பிழைத்தால்தான் கல்யாணம் பிழைக்கும்.

லாத்தா கடைக்கு அண்ணாச்சியும் கூடவே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டார்.

"படத்தப் பாக்காம எந்திரிக்க மாட்டேன்மா. இந்தப் பயல நம்பி எம்பிள்ள கல்யாணத்தக் குடுத்தேன் பாத்தியா, என்னச் சொல்லணும்."

"பொறுமையா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு லாத்தா என் பக்கம் திரும்பினார். "தம்பி, தண்ணி, சாயா, ஏதாச்சும்?"

"ஒண்ணும் கொட்டல லாத்தா."

"காது செவக்கே."

"அது எப்பவும் செவக்கிறதுதான்."

"ஆமா, மறந்துட்டேன்."

அண்ணாச்சி என் காதைப் பார்த்தார். இவன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டியது அந்தக் காதைப் பார்த்துத்தான்.

லாத்தா போர்டை வெளியே எடுத்து மீட்டரின் ஒரு முனையை ஸ்க்ரூ துளையில் வைத்து, இன்னொரு முனையால் காயில் என்கிற குட்டிக் கம்பிச்சுருள் ஒன்றைத் தொட்டார். மீட்டர் கீ என்று கத்தியது. கத்தக்கூடாத இடம் அது.

"மெயின் லைன்லயே ஷார்ட்டு."

"அப்படின்னா என்னம்மா?" அண்ணாச்சி குரல் இறங்கியது.

"வீட்டுக்குள்ள வர்ற பைப்பு ஒடஞ்சு போச்சு அண்ணாச்சி. வர்ற தண்ணியெல்லாம் நேரா சாக்கடைக்குப் போவுது. கொழாயத் தொறந்தா காத்துதான் வரும். ஓட்டை எங்கனன்னு கண்டுபுடிக்கணும்."

"உள்ள இருக்கிற சாமானுக்கு ஒண்ணும் ஆகாதுலா?"

"அதப் பொறவு பாப்போம்."

பொறவு என்ற அந்த ஒரு சொல்லில் அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் குனிந்துவிட்டார். ஆல்கஹால் தடவியாயிற்று. ஒரு வோல்ட். பெட்டியில் ஆம்பியர் எண் மளமளவென்று ஏறியது. மூன்று பேரும் போர்டின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தோம். எங்கும் ஈரம் பளபளத்தது. பிறகு ஓரத்தில், காற்றுப் போகும் கம்பிவலைக்குக் கீழே, ஓர் எள்ளு மட்டும் காய்ந்தது. லாத்தா விரலின் பின்பக்கத்தை அதன்மேல் வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"இந்தா இருக்கான்."

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டர். அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. எப்போதோ நனைந்து, மெல்ல மெல்ல அரித்திருக்கிறது. லாத்தா சூடான காற்றை அதன்மேல் பிடித்தார். புகையாக ஒரு நூல் எழுந்தது. லாத்தாவின் மூக்கு சுளித்தது.

"தம்பி, கல்யாண வாசமுல்லா அடிக்கு."

ரோஜா. கருகிய ரோஜா. எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று காலையில் மேடை ஓரத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் கார்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வெள்ளிப் பன்னீர்ச் செம்போடு வந்தார். வாசலில் சிறுமிகள் செய்கிற வேலையை, சந்தோஷம் தாங்காமல், அவர் மண்டபம் முழுக்கச் செய்துகொண்டு வந்தார். நான் சிரித்துக்கொண்டு தலையைக் காட்டினேன். தலைக்கு வந்தது கொஞ்சம்தான் போலிருக்கிறது.

வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் லாத்தாவின் கால் என் முட்டியில் இடித்தது. கை ஆடாமல் கெப்பாசிட்டரைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். அந்தக் கை கட்டல் எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, ஒங்க பட்டறையில மிஷினெல்லாம் புதுசு மாதிரி இருக்காமே. எப்படிக் கவனிக்கிய?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "வேல செய்யுற மிஷினுக்கு மரியாத செய்யணும்மா. எண்ண போடுறது எல்லாவனும் போடுவான். நான் ஒவ்வொரு பெரிய ஆர்டர் போகையிலும் எல்லா மிஷினுக்கும் பன்னீரு தெளிச்சிருவேன். கல்யாணத்தன்னைக்கும் பாக்கணும் நீ. மைக்செட்டு, கேமரா, இந்தா இவன் பொட்டி, ஒண்ணையும் விடல. எம்மவ கல்யாணத்துக்கு வேல செய்ய வந்ததுகதான அதுகளும்?"

முகத்தில் சிவப்பு இல்லை, வியர்வை இல்லை. பெருமைதான் இருந்தது. தப்பு நடந்த இடம் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. கொதித்தது நான்தான். என் காதில் இட்லி வேகவைத்திருக்கலாம்.

"நீ எதுக்குல கொதிக்க?" என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து.

லாத்தா கட்டிய கையை மெல்ல அவிழ்த்தார். "நல்ல பழக்கம் அண்ணாச்சி" என்றார் கடைசியில். "கரண்டுல ஓடுற மிஷினுக்கு மட்டும் வாயால சொல்லிருங்க. அதுகளுக்கு ஈரம் ஆவாது."

அண்ணாச்சி தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்த தலை நடுவில் நின்றது. மூக்கை உறிஞ்சினார். போர்டைப் பார்த்தார், ஓரமாகக் கிடந்த எள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவக்கவில்லை. வெளுத்தது.

"அப்ப நானாம்மா கெடுத்தேன்?"

எனக்கு எதிராகக் கையை நீட்டி நீட்டிப் பேசிய மனிதர் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார். தாலி கட்டும்போதும் இல்லாமல் போனேன், எடுத்துவைத்ததையும் அழித்துவிட்டேன் என்று தனக்குள் முனகினார். இந்த ஆளைக் காட்டிக்கொடுக்க ஒரு நிமிடம் முன்பு நான் துடித்துக்கொண்டிருந்தேன் என்பதை நம்பவே முடியவில்லை.

"யாரு கெட்டுப் போச்சுன்னு சொன்னா?" லாத்தா அவசரமாக மீட்டரை எடுத்தார். துணிக்கடை அம்மாள் போன பிறகு குமிழைத் திருகிய அதே முகம். காயிலைத் தொட்டார். மீட்டர் கத்தவில்லை. "ஒருத்தன் போயிட்டான். அதே வேலைக்கு வரிசையா இன்னும் நாலு பேரு நிக்கான். அவனுக பாத்துக்கிடுவானுக. பட்டறையில ஒரு ஆளு லீவு போட்டா பை தைக்காமலா இருக்கிய?"

 லாத்தா சார்ஜரைச் செருகினார். பட்டனை அழுத்தினார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பிடித்தார். விசிறி ஒரு முறை இருமிவிட்டுச் சுற்றியது. திரை வெளுத்தது.

"தம்பி, பாஸ்வேர்ட நீயே போடு. நான் பாக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணம் அப்படியே இருந்தது. கோப்புகளைத் தள்ளித் தள்ளித் தாலி கட்டும் இடத்துக்கு வந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தொழிலில் படத்தின் ஒலியை அணைத்துவிட்டுத்தான் வெட்டுவோம். எப்படியும் தாலி கட்டும் இடத்தில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவது வழக்கம். எடுத்த அன்றும் கவனமெல்லாம் கண்ணில்தான் இருந்தது, ஆகவே நானும் அந்த இடத்தைக் காதால் கேட்டதில்லை. அன்று லாத்தாதான் ஒலியைத் திறந்துவிட்டார்.

திரையில் அண்ணாச்சியின் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். மேளம் இல்லாததால் மண்டபம் ஒரு கணம் விசித்திரமாக அமைதியாகிறது. அந்த அமைதிக்குள், கீழே எங்கிருந்தோ, படிக்கட்டைத் தாண்டி ஒரு குரல் ஏறி வருகிறது.

"எந்திரிங்கல! இட்லியா ஓடிப் போவுது? எம்மவ கல்யாணம்ல மேல நடக்கு!"

அந்தப் பெண் உதட்டைக் கடிக்கிறாள். முடியவில்லை. தோள் குலுங்குகிறது. தலையை நிமிர்த்தாமலே சிரிக்கிறாள். மாப்பிள்ளை முடிச்சுப் போடுவது அந்தச் சிரிப்பின் மேல்தான். மேளக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து சேர்வது அதற்குப் பிறகு.

 வெளியே ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எஞ் சத்தம்" என்றார் அண்ணாச்சி. "எஞ் சத்தத்தக் கேட்டுத்தான சிரிக்கா?"

"வேற யாரு சத்தமாம்?" என்றார் லாத்தா.

"இன்னொரு தடவ போடுடே."

போட்டேன். மறுபடியும் போட்டேன். டெம்போ சத்தத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அண்ணாச்சி காதைத் திரையோடு ஒட்டினார். லாத்தா எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார். சுவரில் இருந்த மின்விசிறியையும் நிறுத்தினார். மே மாதத்துத் தாராவியில், அந்தக் கதவகலக் கடைக்குள், மூன்று பேரும் வியர்த்து ஒழுகிக்கொண்டு ஒரு மனிதர் இட்லிக்காகத் திட்டுவதைக் கேட்டோம்.

லாத்தா மேஜையைத் துடைக்கத் தொடங்கினார். என்னைப் பார்க்கவில்லை. கையையும் கட்டவில்லை.

"அந்த எடத்துல பாட்டுகீட்டு போட்டன்னு கேள்விப்பட்டேன்," என்றார், "நானே பன்னீரு வாங்கிட்டு வந்து ஒன் பொட்டிக்கு மரியாத செஞ்சிருவேன்."